பட்டியின் பக்குவம்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற தொழிற்கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



எனக்கு முன் இம்மேடையில் பேசியவர்கள் பட்டம் பெற்றவர்கள். நானோ ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். 1984-இல், என் பன்னிரண்டாம் வயதில், டிங்கரிங் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவன். எதைப் பற்றிப் பேசுவது என்று செயலாளர் அவர்களிடம் கேட்டேன். “உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததைப் பற்றிப் பேசுங்கள்” என்றார். எனக்கு நன்றாகத் தெரிந்தது பட்டி. மோட்டார் வண்டியின் ஒடுங்கிய தகட்டை நிமிர்த்தி, அதன்மேல் பட்டி இழைத்து, வண்ணம் பூசி, அடிபட்ட சுவடே தெரியாமல் செய்வது என் தொழில். அந்தப் பட்டியை எவ்வாறு இளக்குவது, எவ்வாறு இளக்கக் கூடாது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது மிகச் சிறிய பொருளாகத் தோன்றலாம். ஆனால் இந்தச் சிறிய பொருளை அறியாததனால் நான் பட்ட அவமானம் பெரிது. அறிந்துகொண்டதனால் அடைந்த பயனும் பெரிது.

முதலில் பட்டி என்பது யாது என்று கூறிவிடுகிறேன். ஒடுக்கு விழுந்த தகட்டைச் சுத்தியலும் டாலியும் கொண்டு எவ்வளவு நிமிர்த்தினாலும் சிறு மேடு பள்ளங்கள் எஞ்சி நிற்கும். முற்காலத்தில் ஈயத்தையும் வெள்ளீயத்தையும் கலந்து உருக்கிப் பற்று வைத்து அவற்றை நிரப்பினார்கள். அது கடினமான வேலை. உடலுக்கு நஞ்சும் கூட. 1950-களில் அமெரிக்காவில் பாலியெஸ்டர் பிசினோடு மாக்கல் தூளைக் கலந்து செய்த பட்டி வழக்கத்திற்கு வந்தது. பிற்பாடு அது உலகெங்கும் பரவியது. நம் பட்டறைகளிலோ நெடுங்காலம் என்.சி. பட்டி என்னும் வேறொரு பட்டியே ஆட்சி செய்தது. நான் தொழில் கற்றது அந்தப் பட்டியில்தான்.

என்.சி. பட்டி டப்பாவைத் திறந்ததும் அப்படியே பூசக்கூடியது. கெட்டியாக இருந்தால் தின்னர் ஊற்றி இளக்குவோம். அதில் தவறு எதுவுமில்லை. ஏனெனில் அந்தப் பட்டி காய்வது அதிலுள்ள தின்னர் காற்றில் பறந்து போவதனால்தான். வாசலில் ஈரமாக இழைத்த மாக்கோலம் காய்கிறதே, அதைப் போல. நீர் போனதும் மாவு தங்கிவிடுகிறது. தின்னர் போனதும் பட்டி தங்கிவிடுகிறது. ஆகையால் மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொரு பூச்சையும் காயவிட்டு, நீர் விட்டுத் தேய்ப்போம். பதினெட்டு ஆண்டுகள் இவ்வாறே செய்தேன். என் கையில் பட்டி வெண்ணெய் போல் இழையும் என்று மேஸ்திரி புகழ்வார்.

2002-ஆம் ஆண்டில் நான் வேலை பார்த்த பட்டறையில் இருபொருள் பட்டியை வாங்கத் தொடங்கினார்கள். ஒரு டப்பாவில் பாலியெஸ்டர் பட்டி. அதனுடன் ஒரு சிறு குழாயில் ஹார்டனர். இரண்டையும் கலந்தால் கால் மணி, அரை மணிக்குள் இறுகிவிடும். முதலாளிக்கு மகிழ்ச்சி, வேலை விரைவாக முடிகிறது. ஆனால் எனக்கு அந்தப் பட்டி இழையவில்லை. தகட்டில் இழுக்க இழுக்கப் பிசிறியது. கோடு கோடாக நின்றது. நான் என்ன செய்தேன்? பதினெட்டு ஆண்டுப் பழக்கம் கையை இழுத்தது. தின்னர் டப்பாவை எடுத்து இரண்டு மூடி ஊற்றிக் குழைத்தேன். பட்டி தேன் போல் இளகியது. வெள்ளை அம்பாசடர் வண்டி ஒன்றின் இரண்டு கதவுகளுக்கும் ஒரு மட்கார்டுக்கும் அதைப் பூசினேன். நீர் விட்டு வழவழப்பாகத் தேய்த்தேன். வண்ணம் ஏறியதும் கண்ணாடி போல் நின்றது. எல்லாரும் மெச்சினார்கள்.

அது சித்திரை மாதம். இருபது நாள் கழித்து அந்த வண்டி திரும்பி வந்தது. கதவெங்கும் ஊசி குத்தியது போல் துளைகள். பட்டி பூசிய இடத்தின் விளிம்பு வட்டமாகத் தெரிந்தது. மட்கார்டில் கொப்புளம், கொப்புளத்தை நகத்தால் நெருடினால் கீழே துரு. வண்டியின் உரிமையாளர் பட்டறை முழுவதும் கேட்கும்படி சொன்னார்: “இவன் ஆட்களிடம் வேலையைக் கொடுத்தால் இப்படித்தான் இருக்கும்.”

அன்பர்களே, அதே பிழையைப் பக்கத்துப் பட்டறையில் வேறொருவர் செய்தபோது பட்டி சரியில்லை என்றார்கள். நான் செய்தபோது என் பிறப்பு சரியில்லை என்றார்கள். அந்தச் சொல் பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் பிழை எங்கே நேர்ந்தது என்று எடுத்துச் சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை. முதலாளி என் கூலியில் பிடித்துக்கொண்டார். நான் தலைகுனிந்து அந்தப் பட்டி டப்பாவை வீட்டுக்குக் கொண்டு போனேன்.

அப்போது நம் கழகத்தின் மாலை வகுப்பு தொடங்கிச் சில காலமே ஆகியிருந்தது. ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள் அங்கே போய்வந்தாள். டப்பாவின் மேல் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஏதோ அச்சிட்டிருந்தது. பதினெட்டு ஆண்டுகளாக எத்தனையோ டப்பாக்களைத் திறந்தவன் நான். ஒன்றின் எழுத்தையும் படித்ததில்லை. அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். “அப்பா, இதில் தின்னர் சேர்க்கக் கூடாது என்று போட்டிருக்கிறதே” என்றாள். நான் ஊமையானேன். மறுநாள் அவள் அந்த டப்பாவை மாலை வகுப்புக்கே தூக்கிக்கொண்டு போய், அறிவியல் ஆசிரியரிடம் காரணம் கேட்டாள். அவர் என்னையும் வரச் சொன்னார். என் முப்பதாம் வயதில் மீண்டும் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்தேன்.

அன்று நான் கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன். பாலியெஸ்டர் பட்டி காய்வதில்லை, உறைகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. பாலில் உறைமோர் விட்டால் பால் தயிராகிறதல்லவா? பாலிலுள்ள நீர் பறந்து போவதனால் அன்று. பாலே உருமாறி இறுகுவதனால். அதுபோல், இந்தப் பட்டியில் பாலியெஸ்டர் பிசின் ஸ்டைரீன் என்னும் நீர்மத்தில் கரைந்திருக்கிறது. ஹார்டனர் என்பது பென்சாயில் பெராக்சைடு என்னும் பொருள், அதுவே உறைமோர். அது கலந்ததும் ஸ்டைரீன் பிசினின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து, தானும் அந்தப் பிணைப்பில் ஓர் அங்கமாகிவிடுகிறது. இளக்குவதும் ஸ்டைரீனே; இறுக்குவதும் ஸ்டைரீனே.

தின்னர் அப்படிப்பட்டதன்று. அதற்கு அந்தப் பிணைப்பில் இடமில்லை. பாலில் நீரை ஊற்றி உறைய வைத்தால் தயிர் எவ்வாறு தளதளவென்று நிற்குமோ, அவ்வாறே தின்னர் ஊற்றிய பட்டியும் வலுவிழந்து நிற்கிறது. மேற்புறம் இறுகிவிடுகிறது, தின்னர் உள்ளே அகப்பட்டுக்கொள்கிறது. வெயில் ஏற ஏற அது வழி தேடி வெளியேறுகிறது. வெளியேறிய வழிகள் துளைகளாகின்றன. அது இருந்த இடம் சுருங்குவதனால் பட்டியின் விளிம்பு வெளியே தெரிகிறது. என் வண்டிக்கு நேர்ந்தது இதுவே. அசிடோன் ஊற்றினாலும் இதே கதிதான்.

கொப்புளத்துக்குக் காரணம் என் இரண்டாம் பிழை. பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். மேலே பிரைமர் ஏறாத வெறும் பட்டியை நீர் விட்டுத் தேய்த்தால், அந்த ஈரம் உள்ளே இறங்கித் தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே இந்தப் பட்டியை உலர்ந்த நிலையிலேயே தேய்க்க வேண்டும். இருபொருள் பிரைமர் பூசி அது நன்றாக இறுகிய பின்னரே நீர் வைத்துத் தேய்க்கலாம்.

அப்படியானால் கெட்டியான பட்டியை இளக்க வழியே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஆனால் இளக்குவதற்கு முன் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதற் கேள்வி: டப்பாவைக் கலக்கினேனா? வைத்திருக்க வைத்திருக்கப் பிசின் மேலே மிதக்கும். தூள் அடியில் தங்கும். அடிவரை கலக்காமல் எடுத்தால் முதல் வாரம் பட்டி நீர்த்திருக்கும். கடைசி வாரம் களியாக இருக்கும். பெரும்பாலும் பட்டி இழையாமைக்கு இதுவே காரணம். ஹார்டனர் குழாயையும் கையால் நன்கு பிசைந்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் கேள்வி: பட்டி பழையதா? மூடாமல் வெயிலில் கிடந்த டப்பாவில் ஸ்டைரீன் பறந்துவிடும். அத்தகைய பட்டியை எது ஊற்றியும் மீட்க முடியாது. கட்டி கட்டியாய் நிற்பதைத் தூக்கி எறியுங்கள். நூறு ரூபாயைக் காப்பாற்றப் போய் ஆயிரம் ரூபாய் வேலையைக் கெடுக்காதீர்கள்.

மூன்றாம் கேள்வி: தகட்டைச் சரியாக நிமிர்த்தினேனா? பட்டி ஒடுக்கை மறைப்பதற்கன்று. நிமிர்த்திய பின் எஞ்சிய சிறு குறையைச் சமன் செய்வதற்கே. 3 மில்லிமீட்டருக்கு மேல் பட்டி வேண்டியிருக்கிறதென்றால், வேலை இன்னும் சுத்தியலிடம் இருக்கிறது என்று பொருள்.

இம்மூன்றுக்கும் விடை சரியாக இருந்தும் கடைசிப் பூச்சு இன்னும் மென்மையாக வேண்டுமானால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மென்பூச்சுக்கென்றே செய்யப்பட்ட இருபொருள் பட்டி. அது டப்பாவிலேயே இளக்கமாக இருக்கும். முதற் பட்டியைத் தேய்த்து முடித்த பின், சிறு துளைகளையும் கீறல்களையும் நிரப்ப இதை மெல்லியதாக இழைக்கலாம். மற்றொன்று, பாலியெஸ்டர் பிசினாலேயே செய்து, பட்டியை இளக்குவதற்கென்றே விற்கப்படும் நீர்மம். இது தின்னர் போன்றதன்று. பட்டியின் இனத்தைச் சேர்ந்தது. பட்டியோடு சேர்ந்தே உறைவது. பாலோடு பாலைச் சேர்ப்பது போல. இதை டப்பாவில் குறித்த அளவுக்கு மிகாமல், ஹார்டனரைக் கலப்பதற்கு முன்பே பட்டியோடு கலந்துவிட வேண்டும். ஹார்டனரின் அளவை இரண்டின் மொத்த எடைக்கும் கணக்கிட வேண்டும்.

சிலர் கண்ணாடியிழை வேலைக்குரிய பிசினை ஊற்றி இளக்குகிறார்கள். அதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்தப் பிசினை உறைய வைக்கும் பொருள் வேறு. பட்டியை உறைய வைக்கும் பொருள் வேறு. பிசின் மிகுந்தால் பட்டி முழுதும் உறையாமல் பிசுபிசுப்பாக நிற்கும். மேலும், அந்தப் பிசினோடு வரும் நீர்ம ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வையைக் கெடுக்கக் கூடியது. இளைஞர்கள் இதை மறக்கவே கூடாது.

இனி ஹார்டனரின் அளவு. நூறு பங்கு பட்டிக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு, எடையில். 150 கிராம் பட்டிக்கு 3 கிராம். “கண்ணாலேயே தெரிந்துகொள், அளவு கேட்காதே” என்றுதான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். இன்று என் பட்டறையில் சிறு தராசு ஒன்று இருக்கிறது. ஹார்டனர் குறைந்தால் பட்டி முழுதும் உறையாது, தகட்டைப் பற்றாது. மிகுந்தால் துளை விழும். அதன் கறை மேல்வண்ணத்திலும் ஊடுருவித் தெரியும். நம் கோடையில் கலந்த சில நிமிடங்களிலேயே பட்டி இறுகத் தொடங்கும். அதற்காக ஹார்டனரைக் குறைக்காதீர்கள். பட்டியைக் குறைவாகக் கலந்துகொள்ளுங்கள். நிழலில் வேலை செய்யுங்கள். காலை வேளையைப் பயன்படுத்துங்கள். வெயிலில் சுட்ட தகட்டின்மேல் பூசாதீர்கள்.

கலப்பதிலும் ஒரு முறை உண்டு. அட்டையின் மேல் கலந்தால் அட்டை பிசினை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடி அல்லது தகட்டின் மேல் கலக்க வேண்டும். முட்டையை அடிப்பது போல் அடித்தால் காற்று புகுந்து துளையாகும். தகட்டால் அழுத்தி மடித்து மடித்து, நிறம் ஒரே சீராகும் வரை கலக்க வேண்டும். பூசும் இடத்தில் துருவும் எண்ணெயும் அறவே நீங்கி, 80-ஆம் எண் உப்புத்தாளின் கீறல் இருக்க வேண்டும். பட்டி பற்றுவது அந்தக் கீறலில்தான். முதற் பூச்சை அழுத்தி மெல்லியதாக இழைத்து, அதன்மேல் அடுத்ததை இட வேண்டும். இறுகிய பின் 80, பிறகு 180, மென்பட்டிக்குப் பின் 320 என்று உப்புத்தாளை மாற்றிக்கொண்டு போக வேண்டும். கண் ஏமாறும், உள்ளங்கை ஏமாறாது. தடவிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

இத்தனையும் கற்ற பின், அந்த அம்பாசடரின் பட்டியை முழுவதும் சுரண்டி எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து மறுபடியும் செய்து கொடுத்தேன். அதன் உரிமையாளர் வந்தார். கதவைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பின்னர் அவர் வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டு போகவும் இல்லை. நான் சொந்தப் பட்டறை வைத்தபோது அந்த அம்பாசடர் அங்கேயும் வந்தது. 2014-இல் அந்த வண்டியின் உற்பத்தியே நின்றுவிட்டது. என் கதவுகள் அதுவரை நின்றன.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் என் கடமை முடியாது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி தம் இறுதிக் காலத்தில் மூச்சுக்குத் தவித்தார். எதனால் என்று எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்கவில்லை. வாயைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டுதான் அவர் வாழ்நாளெல்லாம் வேலை செய்தார். துண்டு தூசியைத் தடுக்காது. ஆவியை அறவே தடுக்காது. உலக நலவாழ்வு அமைப்பைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2018-இல் ஸ்டைரீனைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் உயர்ந்த படியில் வைத்தது. உலர்ந்த பட்டியைத் தேய்க்கும்போது தூசிக்குரிய முகமூடி அணியுங்கள். பட்டி கலக்கும்போது காற்றோட்டமான இடத்தில், கரி வடிப்பான் பொருத்திய முகமூடியோடு நில்லுங்கள். இருபொருள் வண்ணத்தைப் பீச்சும்போது வெளியிலிருந்து தூய காற்றைத் தரும் முகமூடியே ஏற்றது. அதிலுள்ள ஐசோசயனேட்டு தீராத ஆஸ்துமாவைத் தரும். கையைத் தின்னரில் கழுவும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். முகமூடி வாங்கித் தருவது முதலாளியின் கடமை. அதைக் கேட்பது உங்கள் உரிமை. கேட்கத் தயங்கியவர்களை நான் சுடுகாடு வரை சுமந்திருக்கிறேன்.

இளைஞர்களே, கைத்தொழில் வேண்டாம், படிப்பு மட்டும் போதும் என்று சொல்ல நான் வரவில்லை. படிப்பு வேண்டாம், தொழில் போதும் என்றும் சொல்ல வரவில்லை. டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1942-இல் வைஸ்ராயிடம் அளித்த கோரிக்கை மனுவில் உயர்கல்விக்கு உதவித்தொகை கேட்டார். அதே மனுவில் அரசு அச்சகங்களிலும் இரயில்வே பட்டறைகளிலும் நம் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சியும் கேட்டார். ஏட்டையும் பட்டறையையும் அவர் வேறு வேறாகப் பிரிக்கவில்லை. இன்று தொழிற்பயிற்சி நிலையங்களில் வண்டியின் உடற்பகுதியைச் செப்பனிடுவதற்கும் வண்ணம் பூசுவதற்கும் தனித்தனிப் பிரிவுகளே உள்ளன. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி உதவித்தொகையோடு பயிற்சி பெறவும் வழியுண்டு. சேருங்கள். சேர்ந்த இடத்தில் “ஏன்” என்று கேளுங்கள். எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எதனால் அவ்வளவு என்று கேளுங்கள்.

என் மகள் இன்று ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருக்கிறாள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் தன் மாணவர்களை என் பட்டறைக்கு அழைத்து வருகிறாள். நான் பட்டி கலந்து காட்டுகிறேன். அது ஏன் உறைகிறது என்பதை அவள் விளக்குகிறாள். பிள்ளைகள் தராசில் 3 கிராம் நிறுத்துக் கொடுக்கிறார்கள்.

அந்த அறிவியல் ஆசிரியர் இன்று நம்மிடையே இல்லை. ஆனால் அவர் விளக்கம் சொன்ன அந்த மாலை வகுப்பு இன்றும் நடக்கிறது. வாரத்தில் ஒரு நாள் அங்கே வந்து, விரும்பும் இளைஞர்களுக்கு இத்தொழிலைக் கற்றுத்தர ஆயத்தமாக இருக்கிறேன் என்பதை இவ்விழா மேடையில் கழகத்தாருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். பட்டியும் தராசும் நான் கொண்டு வருவேன். முகமூடிகளைக் கழகம் வாங்கித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.